நிக்கோடெமஸ் சரிந்தது ரயிலாலா? கன்சாஸ், கிரகாம் கவுண்டி பற்றி

#1 கரிசல்வாசி

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில் கிரகாம் கவுண்டி என்று ஒன்று. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. 1867-ல் வரைபடத்தில் கோடு போட்டுப் பெயர் வைத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிக்கமாகா சண்டையில் 1863-ல் இறந்த கேப்டன் ஜான் எல். கிரகாமின் பெயர். வைத்த காலத்தில் அங்கே குடியேறிகள் அநேகமாக யாருமில்லை. முறையான நிர்வாகம் வந்தது 1880 ஏப்ரல் 1-ல். தலைநகர் ஹில் சிட்டி. 2020 கணக்கெடுப்பில் கவுண்டி முழுக்க 2,400 பேர் சொச்சம். பரப்போ ஏறக்குறைய 900 சதுர மைல்.

வரலாற்றுப் புத்தகங்களில் இந்தக் கவுண்டி அடிபடுவதற்கு ஒரே காரணம் நிக்கோடெமஸ். 1877-ல், முக்கியமாகக் கென்டக்கியிலிருந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் வந்து உருவாக்கிய ஊர். தெற்கிலிருந்து கூட்டரசின் படைகள் விலக்கப்பட்டு, பழைய எஜமானர்கள் மறுபடி தலைதூக்கிய அதே வருஷம்தான் 1877 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடிகின்றன. ஊர் பத்து வருஷம் வளர்ந்தது, 1888-ல் ரயில் பாதை சாலமன் ஆற்றுக்கு அந்தப் பக்கமாகப் போய்விட்டது, ஊர் சரிந்தது. எனக்கு இது முழுசாக ஒப்பவில்லை. கடைத்தெரு போனதற்கு ரயில் காரணம், சரி. ஊரே போனதற்கும் அதுதான் காரணமா? அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவர்கள், படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

#2 விச்சிட்டாவாசி

கரிசல், நல்ல இழை. நான் போயிருக்கேன். யூ.எஸ். 24 நெடுஞ்சாலையில ஹில் சிட்டிக்குக் கிழக்கே பன்னிரண்டு பதிமூணு மைல் போகணும். ரெண்டு பக்கமும் கோதுமை, சோளம், மேய்ச்சல் நிலம். ஒரு பெயர்ப்பலகை, கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான். வேகமாப் போனா தவறவிட்டுடுவீங்க.

தேசிய வரலாற்றுத் தலம்னு 1996 நவம்பர்ல அறிவிச்சாங்க. அதுல அஞ்சு கட்டடம்: ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோபல்) தேவாலயம், 1907-ல் கட்டின பாப்டிஸ்ட் தேவாலயம், செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல், 1918 பள்ளிக்கூடம், அப்புறம் டவுன்ஷிப் மண்டபம். அந்த மண்டபம் 1939-ல் முடிஞ்சது. பெருமந்தக் காலத்துல வேலையில்லாதவங்களுக்கு அரசாங்கம் வேலை கொடுத்த திட்டத்துல, உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லால கட்டினது. கல் மஞ்சளா, தொட்டா மாவு ஒட்டுற மாதிரி இருக்கும்.

வெயில் பத்தி ஒரு எச்சரிக்கை. 2012 ஜூன் கடைசியில ஹில் சிட்டியில 115 டிகிரி ஃபாரன்ஹீட். அமெரிக்காவிலேயே அன்னைக்கு அதிக வெப்பம் அங்கதான். மதராஸ் கத்திரி எல்லாம் சும்மா.

#3 சந்தேகப்பிராணி

ரயில், மழை எல்லாம் அப்புறம். அடிப்படையே மோசடி. டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நிலத்தரகர், இண்டியானாக்காரர், ஊரைத் தொடங்கியவர்களில் ஒருவர். கென்டக்கி தேவாலயங்களுக்குப் போய் மேடை போட்டுப் பேசினார். பொன் விளையும் பூமி, காட்டுக்குதிரையைப் பிடித்தால் ஏரில் பூட்டலாம், வேட்டைக்குப் பஞ்சமில்லை என்று அளந்துவிட்டார். நம்பி வந்தவர்களைப் பொட்டல்வெளியில் இறக்கிவிட்டார். வந்தவர்கள் அவரைத் தூக்கில் போடத் தேடினார்கள், அவர் வண்டியில் ஒளிந்து தப்பினார் என்று ஒரு கதை உண்டு. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பது இதுதான். ஊர் சரிந்தது 1888-ல் இல்லை. 1877 செப்டம்பரிலேயே சரிவு தொடங்கிவிட்டது.

#4 கரிசல்வாசி

சந்தேகம், ஹில்லை நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால் அவர் ஒருவர் மட்டும் நடத்திய வேலை இல்லையே இது. 1877 ஏப்ரல் 18-ல் நகரக் கம்பெனி அமைந்தது. ஹில்லைத் தவிர அதிலிருந்தவர்கள் கறுப்பினத்தவர்கள். தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித், செயலாளர் போதகர் சைமன் ரவுண்ட்ரீ. ஜூலை 2-ல் வெளிவந்த துண்டுப்பிரசுரத்தில் கையெழுத்து ரவுண்ட்ரீயுடையது. நாங்கள் பார்த்ததிலேயே அருமையான நாடு இதுதான் என்று எழுதியவர்கள், அந்த நிலத்தில் நின்றுகொண்டுதான் எழுதினார்கள்.

ரவுண்ட்ரீயும் ஏமாளி என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1862 குடியேற்றச் சட்டப்படி 160 ஏக்கர், ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் பட்டா. அடிமையாகப் பிறந்தவனுக்கு இது என்ன கணக்கு என்று யோசியுங்கள். மரம் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்பது அவனுக்கு இரண்டாம் கேள்விதான்.

#5 நில அளவர்

தம்பிகளா, நான் தமிழ்நாட்டு நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மகள் வீட்டுக்கு நெப்ராஸ்கா வந்தபோது இந்த அமெரிக்க அளவை முறையில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நம் ஊர் புல எண் வரைபடத்தில் வாய்க்கால் வளைந்தால் புலமும் வளையும். இங்கே ஆறு குறுக்கே ஓடினாலும் கோடு நேர்கோடுதான்.

அந்தத் துண்டுப்பிரசுரத்தில் ஊரின் இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது: செக்‌ஷன் 1-ன் வடமேற்குக் கால்பகுதி, டவுன்ஷிப் 8, ரேஞ்சு 21. இந்த ஒரு வரியை வைத்துப் பாதிக் கதையைச் சொல்லிவிடலாம். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு சதுரம். அதற்குத்தான் டவுன்ஷிப் என்று பெயர். அதற்குள் ஒரு மைலுக்கு ஒரு மைலாக 36 செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், அதில் கால்வாசி 160 ஏக்கர். ஒரு குடியேறிக்கு ஒரு கால்பகுதி. கிரகாம் கவுண்டி என்பது இப்படி ஐந்துக்கு ஐந்து, இருபத்தைந்து சதுரம். வடக்கு தெற்காக டவுன்ஷிப் 6 முதல் 10 வரை. கிழக்கு மேற்காக ரேஞ்சு 21 முதல் 25 வரை. எண் ஏற ஏற மேற்கே போகிறோம்.

ஆக, ரேஞ்சு 21 என்றால் கவுண்டியின் கிழக்குக் கடைசி வரிசை. அதிலும் செக்‌ஷன் 1 எப்போதும் சதுரத்தின் வடகிழக்கு மூலை. அதாவது நிக்கோடெமஸ் பக்கத்துக் கவுண்டியான ரூக்ஸின் எல்லையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ஹில் சிட்டி எங்கே இருக்கிறது? நட்ட நடுவில்.

ஒரு கவுண்டித் தலைநகர் என்றால் நீதிமன்றம், பத்திரப் பதிவு, வரி கட்டும் இடம். எந்த மூலையில் இருக்கிற விவசாயியும் குதிரை வண்டியில் வந்து வேலை முடித்துத் திரும்ப வேண்டும். எல்லையோரத்து ஊருக்கு அந்த யோகம் வரவே வராது. ஹில் நிலத்தரகர், நில வரைபடம் அவருக்குக் கைரேகை. நடு இடத்தை எடுத்துத் தன் பெயரை வைத்தார், ஓரத்தில் இருந்ததை அடுத்தவர்களுக்கு விற்றார். அவர் மேடையில் பேசின பேச்சைவிட எனக்கு இதுதான் பெரிய சாட்சி.

#6 சந்தேகப்பிராணி

ஐயா, வணக்கம். நான் நாலு பத்தியில் சொல்ல முடியாததை ஒரு பட்டா விவரத்தில் சொல்லிவிட்டீர்கள்.

#7 மாலதி வே

அளவர் ஐயாவின் பதிவை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் எல்லாரும் கம்பெனி, தரகர் என்றே பேசுகிறீர்கள். வந்த மக்களைப் பற்றிக் கொஞ்சம்.

ஜூலையில் ஒரு சின்னக் கூட்டம் வந்தது. செப்டம்பரில் பெரிய கூட்டம், சுமார் 300 பேர், கென்டக்கியின் ஸ்காட் கவுண்டிப் பக்கத்திலிருந்து. ரயில் எல்லிஸ் நகரம் வரைக்கும்தான். அங்கிருந்து 35 மைல் வடக்கே நடை. மரமில்லாத நாடு. வீடு கட்டப் பலகை கிடையாது. என்ன செய்தார்கள் என்றால் மேட்டைக் குடைந்தார்கள். சரிவான மண்ணில் மூன்று பக்கமும் மண்சுவர், முன்பக்கம் மட்டும் திறப்பு, மேலே ஆற்றங்கரையில் கிடைத்த கிளைகளைப் பரப்பிப் புல்லையும் மண்ணையும் போட்டு மூடுவது. மழை வந்தால் சேறு ஒழுகும். பாம்பும் எலியும் கூரையில் குடித்தனம் நடத்தும். அடுப்புக்கு விறகு இல்லாமல் காய்ந்த சாணம்.

அடுத்த வசந்தத்தில் வந்தவர் வில்லியானா ஹிக்மன். போதகர் டேனியல் ஹிக்மனின் மனைவி. எல்லிஸில் தங்கியிருந்தபோதே அவர்கள் கூட்டத்தில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். பிறகு நடந்து வந்து சேர்ந்ததைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஆண்கள் கத்துகிறார்கள், ஊர் வந்துவிட்டது என்று. எங்கே, எனக்குத் தெரியவில்லையே என்று இவர் கேட்கிறார். கணவர் கைகாட்டுகிறார். தரையிலிருந்து அங்கங்கே புகை வருகிறது. அதுதான் நிக்கோடெமஸ். அந்த இடத்திலேயே அழ ஆரம்பித்தேன் என்கிறார்.

வந்த மறுநாளே திரும்பியவர்கள் நிறைய. ஹிக்மன் குடும்பம் தங்கியது. அந்த முதல் அக்டோபரில் பிறந்த குழந்தை ஹென்றி வில்லியம்ஸ், அந்த ஊரில் பிறந்த முதல் குழந்தை. அவருடைய வாரிசுகளில் ஒருவரான ஏஞ்சலா பேட்ஸ்தான் 1988-ல் நிக்கோடெமஸ் வரலாற்றுச் சங்கத்தை ஆரம்பித்து, தேசியத் தலமாக அறிவிக்க வைத்ததில் முன்னே நின்றவர்.

முதல் குளிர்காலத்தைக் கடந்தது எப்படி என்பது முக்கியம். வேட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்தார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள்.

#8 சந்தேகப்பிராணி

அக்கா, அதையும் சொல்லிவிட்டு இதையும் சொல்லுங்கள். அந்த நிலம் யாருடையது? வேட்டையாடித் திரும்பியவர்கள் யாருடைய நிலத்தின் வழியாகத் திரும்பினார்கள்?

#9 மாலதி வே

சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் வந்தேன். பானி, செயன், அரப்பஹோ பழங்குடி மக்களின் வேட்டை நாடு அது. 1867 மெடிசின் லாட்ஜ் உடன்படிக்கையில் தெற்கு செயன்களைத் தெற்கே ஒதுக்கீட்டு நிலத்துக்கு அனுப்பினார்கள். கரிசல் முதல் பதிவில் கொடுத்த வருஷத்தைப் பாருங்கள். கிரகாம் கவுண்டிக்குக் கோடு போட்டதும் அதே 1867.

1878 செப்டம்பரில் வடக்கு செயன்கள், மார்னிங் ஸ்டார், லிட்டில் உல்ஃப் தலைமையில், இண்டியன் டெரிட்டரியிலிருந்து (பழங்குடியினருக்கென ஒதுக்கிய பகுதி, இன்றைய ஓக்லஹோமா) தங்கள் வடநாட்டுக்குத் தப்பி ஓடினார்கள். பாதை மேற்குக் கன்சாஸ் வழியாக. மாதக் கடைசியில் டெக்கேட்டர், ராலின்ஸ் கவுண்டிகளில் குடியேறிகள் பலர் கொல்லப்பட்டார்கள். கிரகாமிலிருந்து கூப்பிடு தூரம் இல்லை என்றாலும் தூரமும் இல்லை. நிக்கோடெமஸ் மக்கள் அந்த மாதத்தை எப்படிக் கழித்திருப்பார்கள்? விடுதலை பெற்று வந்தவர்கள், அடுத்தவர் விரட்டப்பட்ட நிலத்தில். இதில் யாரையும் தூக்கி வைக்கவும் வேண்டாம், இறக்கி வைக்கவும் வேண்டாம். இரண்டும் ஒரே கவுண்டியின் வரலாறு, அவ்வளவுதான்.

#10 மட்டுறுத்துநர்

அருமையாகப் போகிறது. தனிமடலில் ஒருவர் அனுப்பிய இன்றைய அமெரிக்கத் தேர்தல் விவகாரத்தை இங்கே இழுக்க வேண்டாம், அதற்குத் தனி இழை இருக்கிறது.

#11 கரிசல்வாசி

தேர்தல் என்றதும் நினைவு வருகிறது. கவுண்டி நிர்வாகம் வந்த கதையைச் சொல்லாமல் விட்டால் சரிவராது.

கன்சாஸ் சட்டப்படி ஒரு கவுண்டிக்கு நிர்வாகம் வேண்டும் என்றால் 1,500 பேராவது குடியிருக்க வேண்டும். நிக்கோடெமஸ்காரர்கள் ஆரம்பத்தில் நிர்வாகம் அமைவதை அவ்வளவு விரும்பவில்லை என்றே தோன்றுகிறது, ஏனென்றால் நிர்வாகம் வந்தால் வரி வரும். முதல் விளைச்சலே காணாதவன் எதை விற்று வரி கட்டுவான்? ஆனால் 1878-ல் சிகாகோவிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஏப்ராம் டி. ஹால், எட்வர்ட் பி. மெக்கேப். படித்தவர்கள், கறுப்பினத்தவர்கள். மெக்கேப் நியூயார்க் மாநிலத்தில் டிராய் நகரத்தில் 1850-ல் பிறந்தவர், சிகாகோவில் குக் கவுண்டி கருவூலத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர். அலுவலகக் காகிதம் எப்படி நகரும் என்று அறிந்த ஆள்.

மக்கள்தொகையைக் கணக்கெடுத்தது ஹால். 1880 ஏப்ரலில் ஆளுநர் செயின்ட் ஜான் நிர்வாகத்தை அறிவித்தபோது தற்காலிகக் கவுண்டி எழுத்தர் மெக்கேப். தற்காலிகத் தலைநகர் மில்புரூக். இரண்டு வருஷத்தில், 1882-ல், குடியரசுக் கட்சி அவரை மாநிலத் தணிக்கையாளர் பதவிக்கு நிறுத்தி ஜெயிக்க வைத்தது. 1884-ல் மறுபடியும். மண்குடிசை ஊரிலிருந்து டொபீகா தலைமைச் செயலகத்துக்கு நாலே வருஷம்.

அவர் அங்கேயே நிற்கவில்லை. 1890-ல் ஓக்லஹோமாவில் லாங்ஸ்டன் என்ற கறுப்பின நகரை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். கன்சாஸில் கற்றதை அங்கே கொண்டு போனார் என்று எடுத்துக்கொள்கிறேன். 1920-ல் சிகாகோவில் இறந்தார், அடக்கம் டொபீகாவில்.

தலைநகர்ச் சண்டை தனி நாடகம். மில்புரூக் முன்னால் இருந்தது. 1887-ல் சூறாவளி அதைப் பிய்த்துப் போட்டது. 1888-ல் ஹில் சிட்டி தலைநகர் ஆகிவிட்டது. அளவர் ஐயா சொன்ன நடுஇடக் கணக்கு பலித்தது.

#12 விச்சிட்டாவாசி

இப்ப ரயிலுக்கு வருவோம், இழையோட தலைப்பே அதுதானே.

1880-கள்ல நிக்கோடெமஸ் நல்லாவே இருந்தது. ரெண்டு செய்தித்தாள்: 1886-ல் வெஸ்டர்ன் சைக்ளோன், 1887-ல் நிக்கோடெமஸ் என்டர்பிரைஸ். பலசரக்குக் கடைகள், ஹோட்டல், வங்கி, டாக்டர், குதிரை லாயம். ஊர் அஞ்சலகத்துக்கு முதல் போஸ்ட்மாஸ்டர் ஸக்கரி ஃபிளெட்சர். அவர் மனைவி ஜென்னி முதல் ஆசிரியை. செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல் அவங்களோடதுதான், 1880 வாக்குல கட்டினது. கடைக்காரங்கள்ல வெள்ளைக்காரங்களும் இருந்தாங்க. இதைப் பலரும் சொல்றதில்லை.

ரயில் கம்பெனிங்க நடைமுறை என்னன்னா, பாதை உங்க ஊர் வழியா வரணும்னா நீங்க பணம் புரட்டணும். டவுன்ஷிப், அதாவது உள்ளூர் நிர்வாகம், கடன்பத்திரம் போடும், அதைக் கம்பெனிக்குக் கொடுக்கும், வட்டியும் முதலும் ஊர்க்காரங்க வரியிலருந்து. 1887-ல் நிக்கோடெமஸ் வாக்கெடுத்து மிசௌரி பசிபிக்குக்கு 16,000 டாலர் கடன்பத்திரம் ஒத்துக்கிட்டாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி மண்ணுக்குள்ள குடியிருந்த ஜனம், நினைச்சுப் பாருங்க. மிசௌரி பசிபிக் வரலை. சான்டா ஃபே பேச்சும் நடந்தது, அதுவும் வரலை. கடைசியா யூனியன் பசிபிக் சார்புப் பாதை 1888-ல் வந்தது, சாலமன் ஆத்தோட தென்கரையில. வேலையாட்கள் முகாம் போட்ட இடம் போக் என்கிற ஊரா ஆச்சு. நிக்கோடெமஸ்லருந்து சில மைல்தான்.

அந்தச் சில மைல்தான் பிரச்சினை. கோதுமை மூட்டையை வண்டியில ஏத்தி ஆத்தைத் தாண்டி இறக்கணும். கடைக்காரனுக்குச் சரக்கும் அப்படித்தான் வரணும். அவன் என்ன செய்வான்? கடையை அங்கயே கொண்டு போயிட்டான். மரக் கட்டடத்தைப் பேர்த்து உருளை மேல வச்சு இழுத்துட்டுப் போறது அந்தக் காலச் சமவெளியில சகஜம்.

#13 சந்தேகப்பிராணி

அப்படியானால் ரயில்தானே காரணம்? கரிசல் எதற்கு மறுக்கிறார்?

#14 கரிசல்வாசி

ஏன் மறுக்கிறேன் என்றால், ரயில் கிடைத்த போக் ஊரின் கதி என்ன? இன்றைக்கு அங்கே இருப்பவர்கள் நூற்றைம்பது பேர் அளவில். ரயில் ஜெயித்த ஊர் அது! ஹில் சிட்டிக்கு ரயிலும் கிடைத்தது, தலைநகரும் கிடைத்தது, நடு இடமும் கிடைத்தது. அங்கே 1,400 பேர். கவுண்டி முழுக்கவே 1910 வாக்கில் உச்சத்துக்குப் போய் இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொன்று. 1888-ல் கடைக்காரன் போனான், விவசாயி போகவில்லை. தேவாலயத்துக் கட்டடம் 1907-ல் எழுந்தது, பள்ளி 1918-ல். செத்த ஊர் இருபது முப்பது வருஷம் கழித்துப் பள்ளிக்கூடம் கட்டுமா? அந்த விவசாயிகள் பெருவாரியாக வெளியேறியது 1930-களில். அஞ்சலகம் மூடியது 1953-ல். ரயில் போன 65 வருஷம் கழித்து.

என் வாதம் இதுதான்: ரயில் நிக்கோடெமஸை நகரமாக விடாமல் செய்தது. கிராமமாக அது இருந்தது. அந்தக் கிராமத்தைக் கரைத்தது கவுண்டி முழுதையும் கரைத்த அதே காரணம்.

#15 நில அளவர்

அந்தக் காரணத்தை நான் சொல்கிறேன், தம்பி. அது 160 ஏக்கர்.

வாஷிங்டனில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்கள் ஓஹயோ, இல்லினாய் மாதிரி மழைநாட்டை மனதில் வைத்து எழுதினார்கள். அங்கே 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். நூறாவது மேற்குத் தீர்க்கரேகை கிரகாம் கவுண்டிக்குள்ளேயே போகிறது. அந்தக் கோட்டுக்கு மேற்கே மழையை நம்பி வருஷா வருஷம் பயிர் வைப்பது சூதாட்டம் என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர்கள் உண்டு. வருஷத்துக்கு 20 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே மழை. அதிலும் காற்று பாதியைக் குடித்துவிடும்.

அங்கே பின்னால் கண்டுபிடித்த வழி என்ன? கோதுமை அறுத்ததும் நிலத்தைத் தரிசாகப் போட்டு, களை வராமல் பார்த்துக்கொண்டு, ஒரு பருவத்து மழையை மண்ணிலேயே சேமிப்பது. அடுத்த விதைப்பு அந்த ஈரத்தில். கணக்குப் போடுங்கள். நிலத்தில் ஒரு பகுதி எப்போதும் சும்மா கிடக்கும். 160 ஏக்கரில் விளைவது எண்பதோ நூறோதான். அந்த விளைச்சலில் டிராக்டர் கடன் கட்ட முடியாது. ஆகவே நாலு பேர் நிலத்தை ஒருவன் வாங்குவான், மூன்று குடும்பம் போகும். மூன்று குடும்பம் போனால் பள்ளியில் பிள்ளை குறையும். பள்ளி மூடினால் நாலாவது குடும்பமும் யோசிக்கும். கறுப்பரோ வெள்ளையரோ, கவுண்டி முழுக்க இதே கதைதான்.

1956-ல் பக்கத்து ரூக்ஸ் கவுண்டியில் வெப்ஸ்டர் அணை கட்டினார்கள், அதே சாலமன் ஆற்றில். அது கிழக்கே, ஆற்றின் கீழ்ப்போக்கில். நிக்கோடெமஸுக்கு அதனால் பாசனம் கிடையாது. இதுவும் வரைபடத்தில் பார்த்தால் புரியும்.

#16 சந்தேகப்பிராணி

ஐயா மன்னிக்கணும், இந்த முறை ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லாருக்கும் ஒரே கதை என்று முடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடாது. நாலு பேர் நிலத்தை வாங்கும் அந்த ஒருவன் யார்? வங்கி எவனுக்குக் கடன் கொடுத்ததோ அவன். கறுப்பின விவசாயிகளுக்கு அமெரிக்க வேளாண் துறையின் கடனில் பாகுபாடு காட்டப்பட்டது என்று பிக்ஃபோர்ட் வழக்கு நடந்து, 1999-ல் அரசாங்கம் சமரசத் தீர்வுக்கு வந்தது. 1981 முதல் 1996 வரையிலான விண்ணப்பங்களைப் பற்றிய வழக்கு அது. அதற்கு முந்தைய ஐம்பது வருஷம் மட்டும் நியாயமாக நடந்திருக்குமா? வறட்சி எல்லார் நிலத்திலும் விழுந்தது, சரி. எழுந்து நிற்கக் கைகொடுத்தது எல்லாருக்கும் இல்லை.

#17 நில அளவர்

இதை ஏற்கிறேன். மழை அளவைக் கருவியில் கடன் மறுப்பு பதிவாகாது. நான் சொன்னது எவ்வளவு பேர் போனார்கள் என்பதற்கு. யார் முதலில் போனார்கள் என்பதற்கு நீங்கள் சொல்வதும் சேர வேண்டும்.

#18 மாலதி வே

இன்னொரு பக்கமும் உண்டு. போனவர்கள் எல்லாரும் தோற்றுப் போனவர்கள் இல்லை. பள்ளிக்கூடத்தைக் கட்டிய தலைமுறையே பிள்ளைகளை வெளியே அனுப்பியது. 1932-ல் அந்த ஊரில் பிறந்தவர் வெரில் சுவிட்ஸர், கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர். 1954-ல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி முதல் சுற்றில், நாலாவது ஆளாக எடுத்தது. பிறகு அதே பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பதவி. 2022-ல் காலமானார். சுவிட்ஸர் குடும்பப் பெயர் அந்த ஹோட்டல் கட்டடத்தோடும் சேர்ந்தே வரும், ஃபிளெட்சர்-சுவிட்ஸர் வீடு என்றும் அதற்குப் பெயர்.

ஆகவே 'சரிவு' என்று தலைப்பு வைத்ததிலேயே எனக்குக் கொஞ்சம் வருத்தம், கரிசல். மில்புரூக் இன்று இல்லை. ரயில் முகாம்களாகத் தொடங்கிய எத்தனையோ ஊர்கள் இல்லை. தெற்கிலிருந்து மேற்கே வந்து உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தில் கட்டப்பட்ட கறுப்பின ஊர்களில் இது இன்னும் ஆள் வாழும் ஊர்.

#19 கரிசல்வாசி

தலைப்பைக் கேள்விக்குறியோடுதானே வைத்தேன், மாலதி அக்கா. சண்டை வரட்டும் என்றுதான்.

#20 தேனிக்காற்று

இத்தனை நாளாக வாசகனாக மட்டும் இருந்தேன், இந்த இழைக்காகக் கணக்குத் திறந்தேன். ஒரே கேள்வி. ஆள் அதிகமில்லாத ஊரில் வருஷா வருஷம் திருவிழா நடக்கிறது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். என்ன விழா அது? அடுத்த வருஷம் டென்வரிலிருந்து கார் எடுத்துப் போகலாம் என்று எண்ணம்.

#21 மாலதி வே

வாருங்கள், தேனிக்காற்று. அது விடுதலை விழா. ஹோம்கமிங் என்பார்கள், ஊர் திரும்பும் நாள். ஆரம்ப வருஷங்களிலேயே தொடங்கியது, ஊருக்குப் பக்கத்தில் ஸ்க்ரக்ஸ் தோப்பில் நடத்தினார்கள். நாள் ஆகஸ்ட் 1. அமெரிக்க அடிமை ஒழிப்பு நாள் இல்லை அது! 1834 ஆகஸ்ட் 1-ல் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்த நாள். அதை அமெரிக்கக் கறுப்பின மக்கள் உள்நாட்டுப் போருக்கு முன்பிருந்தே கொண்டாடி வந்தார்கள்.

நமக்கு அந்தச் சட்டத்தோடு வேறொரு தொடர்பு. அடிமைகள் போன இடத்தை நிரப்பத்தான் அதே 1834 முதல் மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். அவர்களில் நம் தமிழர்களும் உண்டு. அந்தத் தேதியில் கன்சாஸ் மூலையில் ஆடிப்பாடுகிறார்கள். நம் பக்கத்தில் யாரும் அதை நினைப்பதுகூட இல்லை.

#22 விச்சிட்டாவாசி

தேனி, இப்ப அதை ஜூலை கடைசி வார இறுதியில வைக்கிறாங்க. வெளிமாநிலத்துல இருக்கிற குடும்பங்க எல்லாம் வந்து சேருவாங்க. ஊர்வலம், தேவாலயத்துல ஆராதனை, சாப்பாடு. யாரும் விரட்ட மாட்டாங்க, ஆனா இது அவங்க குடும்ப விசேஷம். கேமராவை முகத்துக்கு நேரா நீட்டாதீங்க.

டென்வர்லருந்து ஐ-70 பிடிச்சுக் கிழக்கே வாங்க. நெடுஞ்சாலையை விட்டு இறங்கினதும் டீசல், தண்ணி, பிஸ்கட் எல்லாம் வாங்கி வச்சுக்கோங்க, நிக்கோடெமஸ்ல கடை கிடையாது. தங்கறதுக்கு ஹில் சிட்டி. விழா வாரத்துல அறை சீக்கிரம் தீர்ந்துடும். பார்வையாளர் மையம் எந்த நாள் திறந்திருக்கும்னு தேசியப் பூங்காத் துறையோட தளத்துல பார்த்துட்டுக் கிளம்புங்க.

#23 நில அளவர்

போகிறவர் கைபேசியில் நில அளவை வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போகட்டும். ரூக்ஸ் கவுண்டி எல்லைப் பலகை எங்கே நிற்கிறது, ஊர் எங்கே முடிகிறது என்று பார்த்து இங்கே எழுதினால் எனக்கு உபகாரமாக இருக்கும். முடிந்தால் போக் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள், ஆற்றைத் தாண்ட வண்டிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரிய வேண்டும்.